முள் இறங்கினால் யாரைச் சந்தேகிப்பது?

தன் வீட்டுக் கொட்டகையிலேயே விமானம் கட்டிப் பறப்பவர்கள் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு சிறு கூட்டம், ஆலையிலிருந்து வரும் விமான எஞ்சினை வாங்குவதில்லை. மஸ்தா ஆர்எக்ஸ்-7 காரிலிருந்து கழற்றிய 13பி ரோட்டரி எஞ்சினை விமானத்தின் மூக்கில் பொருத்திக்கொள்கிறது. அந்தக் கூட்டத்தைத் தூங்கவிடாத சிக்கல்களில் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

எஞ்சினைக் கிளப்பியதும் எண்ணெய் அழுத்தம் 70 பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 5 கிலோ. நல்ல அளவு. கொஞ்ச நேரம் ஓடிச் சூடேறியதும், அதே வேகத்தில் 40. வேகத்தைக் குறைத்து ஐடிலில் விட்டால் 15. சத்தம் மாறவில்லை, புகை இல்லை, கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை. எஞ்சினைப் பிரிக்க வேண்டுமா, வேண்டாமா?

பிரித்தால் பல வார வேலை. பழுதே இல்லாத எஞ்சினைப் பிரித்து மூடுவதில் புதுப் பழுது உள்ளே நுழையவும் வாய்ப்பு உண்டு. பிரிக்காமல் பறந்தால், பேரிங் காய்ந்து எஞ்சின் வானத்திலேயே இறுகிப்போகலாம். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது: கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் யோசிப்பது. அதற்கு, அழுத்தம் என்று கேஜ் காட்டுவது உண்மையில் எதை என்று முதலில் தெரிய வேண்டும்.

வானத்துக்கு இரண்டு முறை வந்த ரோட்டரி

விமான வரலாற்றில் ரோட்டரி எஞ்சின் இரண்டு முறை வந்திருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை.

முதலாவது, பிரான்சில் செகுவான் சகோதரர்கள் உருவாக்கி 1909 வாக்கில் பறக்கத் தொடங்கிய நோம் எஞ்சின். அதில் கிராங்க் தண்டு விமான உடலோடு அசையாமல் பூட்டப்பட்டிருக்கும். வட்டமாக அடுக்கிய சிலிண்டர்கள் முழுவதும் விசிறியோடு சேர்ந்து சுழலும். முதல் உலகப்போரின் புகழ்பெற்ற சண்டை விமானங்கள் பல இந்த வகை எஞ்சினில் பறந்தவை. பெட்ரோல் கலவை கிராங்க் அறை வழியாகவே சிலிண்டருக்குப் போனதால், சாதாரணக் கனிம எண்ணெயை ஊற்றினால் பெட்ரோல் அதைக் கழுவிக் கொண்டுபோய்விடும். எனவே பெட்ரோலில் எளிதில் கரையாத ஆமணக்கு எண்ணெய் தேவைப்பட்டது. பிரிட்டனுக்கு அந்த ஆமணக்கு பெருமளவு இந்தியாவிலிருந்து கிடைத்தது. கடல் முற்றுகையில் சிக்கிய ஜெர்மனிக்குக் கிடைக்கவில்லை. மாற்று எண்ணெயை ஊற்றிய ஜெர்மானிய ரோட்டரிகள் 1918-இல் சூடேறிப் பழுதாகத் தொடங்கின.

அந்த எஞ்சின்களில் எண்ணெய் ஒருமுறைதான் பயன்படும். பம்ப் தள்ளும், உள்ளே போகும், புகைபோக்கி வழியே வெளியேறி விமானியின் முகத்தில் கொஞ்சம் படியும். திரும்பி வருவதே இல்லை. விமானியின் முன்னால் அதற்கென ஒரு சிறிய கண்ணாடிக் குமிழ் இருக்கும். பம்பின் ஒவ்வொரு தள்ளலுக்கும் அதற்குள் எண்ணெய் மட்டம் ஒருமுறை துடிக்கும். துடிப்பு நின்றால் எண்ணெய் நின்றது என்று பொருள். துடிப்புகளை எண்ணி எஞ்சினின் வேகத்தைக்கூடக் கணக்கிட முடிந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் குமிழ் காட்டியது அழுத்தத்தை அல்ல, எண்ணெய் ஓடுகிறது என்பதை.

இரண்டாவது ரோட்டரி, ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் வாங்கெலின் எண்ணத்தில் பிறந்து, 1957 பிப்ரவரியில் என்எஸ்யு நிறுவனத்தில் முதன்முதலாக ஓடியது. இதில் பிஸ்டன் இல்லை. நடுவில் இடுங்கிய நீள்வட்டம் போன்ற அறைக்குள், பக்கங்கள் உப்பிய முக்கோண ரோட்டர் ஒன்று சுழல்கிறது. ரோட்டர் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள், அதன் மையத்தைத் தாங்கும் எக்சென்ட்ரிக் தண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிடும். மஸ்தா 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் காரிலும், 1978 முதல் ஆர்எக்ஸ்-7 காரிலும் இதை விற்றது. அமெரிக்காவில் கர்ட்டிஸ்-ரைட் நிறுவனம் இதற்கு உரிமம் வாங்கிச் செய்த எஞ்சின், 1960-களின் இறுதியில் லாக்ஹீடின் க்யூ-ஸ்டார் என்ற சோதனை விமானத்தைப் பறக்கவைத்தது. இந்தியாவில் பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகமும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து செய்த 55 குதிரைத்திறன் வாங்கெல் எஞ்சின், 2009-இல் கோலாரில் நிஷாந்த் ஆளில்லா விமானத்தில் பறந்தது.

இந்தக் கதையின் நாயகன் 13பி. இரண்டு ரோட்டர், 1308 கன சென்டிமீட்டர். பழைய நோம் எஞ்சினைப் போலன்றி, இதில் எண்ணெய் சுற்றிச் சுற்றி வருகிறது. அதனால் இங்கே எண்ணெய் அழுத்தம் என்ற ஒன்று இருக்கிறது. அது குறைவது என்ற பயமும் இருக்கிறது.

எண்ணெய்க்கு இரண்டு உத்தியோகம்

சாதாரண எஞ்சினில் எண்ணெய் முதலில் உராய்வைக் குறைக்கும் பொருள், குளிர்விப்பது உபதொழில். 13பி-யில் இரண்டும் சம அந்தஸ்துள்ள வேலைகள். வெளிச்சுவர்களைத் தண்ணீர் குளிர்விக்கிறது. ஆனால் நடுவில் சுழலும் ரோட்டரைத் தண்ணீர் தொட முடியாது. அதன் மூன்று முகங்களும் மாறி மாறி எரிப்பைச் சந்திக்கின்றன. அந்தச் சூட்டை எடுக்க எண்ணெயை விட்டால் வேறு ஆள் இல்லை.

எக்சென்ட்ரிக் தண்டுக்குள் எண்ணெய் ஓடும் துளை இருக்கிறது. அதிலிருந்து சிறு ஜெட்கள் வழியே எண்ணெய், உள்கூடான ரோட்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. ரோட்டர் சுழல்கிற வேகத்தில் அது உட்சுவர்களில் மோதி, சூட்டை வாங்கிக்கொண்டு, பக்கவாட்டில் வழிந்து, எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியான சம்பில் விழுகிறது. எஞ்சினைக் குளிர்விக்க வெளியேற்றும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் வழியாகவே போகிறது. காரின் ஆயில் கூலர் இதற்காகவே பெரியதாக இருக்கும்.

ரோட்டரின் பக்கவாட்டில் எண்ணெய் எரியறைக்குள் போகாமல் தடுக்கும் வளையங்களும், அவற்றுக்குள் ரப்பர் ஓ-ரிங்குகளும் உண்டு. ரோட்டருக்கு எண்ணெய் குறைந்தால் அந்த ரப்பர் வெந்து கெட்டியாகிவிடும். பிறகு எண்ணெய் எரியறைக்குள் கசியும். நீலப் புகை வரும். எனவே 13பி-யில் எண்ணெய் குறைவது பேரிங்கை மட்டும் பாதிக்கும் விஷயமில்லை. பேரிங் தப்பித்துக்கொண்டாலும் ரோட்டர் வெந்துபோகலாம்.

பேரிங் விஷயத்தில் மட்டும் இந்த எஞ்சின் சிக்கனமானது. இரண்டு முதன்மை பேரிங், இரண்டு ரோட்டர் பேரிங், மொத்தம் நான்கே. சாதாரண நான்கு சிலிண்டர் கார் எஞ்சினில் கிராங்க் தண்டைச் சுற்றியே ஒன்பது பேரிங் இருக்கும். எண்ணெய் ஒழுகிப்போகும் இடங்கள் குறைவு என்பதால், பழுதைத் தேடும் இடங்களும் குறைவு.

பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை

எண்ணெய் பம்ப் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது உண்டாக்குவது ஓட்டத்தை. 13பி-யின் பம்ப், எக்சென்ட்ரிக் தண்டிலிருந்து செயினால் ஓட்டப்படுவது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு எண்ணெய் என்று எடுத்துத் தள்ளும். அதற்குமேல் அதற்கு எதுவும் தெரியாது. தள்ளிய எண்ணெய் போகும் வழியில் எவ்வளவு தடை இருக்கிறதோ அவ்வளவுதான் அழுத்தம். மாடிக் குழாயில் தண்ணீர் நன்றாக வந்துகொண்டிருக்கும்போது கீழ்வீட்டுக்காரர் இரண்டு குழாய்களைத் திறந்துவிட்டால் மேலே நூலாக மெலிந்துவிடும் அல்லவா? தொட்டியில் தண்ணீர் குறையவில்லை. வேறு வழி திறந்துவிட்டது, அவ்வளவுதான்.

எஞ்சினில் அந்தத் தடையைத் தருபவை பேரிங்குகளின் மெல்லிய இடைவெளிகளும் ஜெட்களின் துளைகளும். பேரிங்கின் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அதன் வழியே கசியும் எண்ணெயின் அளவு இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. அதாவது 0.05 மில்லிமீட்டர் இடைவெளி தேய்ந்து 0.10 ஆனால், கசிவு இரண்டு மடங்காகாது, எட்டு மடங்காகும். எண்ணெய் எவ்வளவு நீர்த்துப்போகிறதோ, அந்த அளவுக்கும் கசிவு கூடும். பலரும் ஊற்றும் 20டபிள்யு-50 எண்ணெயின் பிசுக்கு, 100 பாகை செல்சியஸில் இருப்பதைவிட 130 பாகையில் ஏறத்தாழ பாதியாகிவிடும்.

அழுத்தம் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள இரண்டு வால்வுகள் உண்டு. முன்பக்க ரிலீஃப் வால்வு, குளிர்ந்த கெட்டி எண்ணெயால் அழுத்தம் எகிறும்போது பம்பையும் கூலரையும் காப்பாற்றுவது. பின்பக்க ரெகுலேட்டர்தான் அன்றாட அழுத்தத்தைத் தீர்மானிப்பது. பழைய 13பி-களில் இது 70 பிஎஸ்ஐ சுமாருக்குத் திறந்து, மிஞ்சிய எண்ணெயைச் சம்புக்குத் திருப்பிவிடும்.

இதிலிருந்து ஒரு முடிவு தானாக வருகிறது. அதைத் தெரியாமல் வீணாகும் நேரம் கொஞ்சமல்ல. அழுத்தம் குறைந்ததும் சிலர் ரெகுலேட்டர் ஸ்பிரிங்கை இறுக்குவார்கள். ஆனால் கேஜ் 40-ஐக் காட்டும்போது, 70-இல் திறக்க வேண்டிய ரெகுலேட்டர் ஏற்கனவே மூடித்தான் இருக்கிறது. மூடிய கதவை இன்னும் அழுத்தி மூடுவதால் எதுவும் நடக்காது. அந்த வால்வு பாதி திறந்த நிலையில் சிக்கிக்கொண்டிருந்தாலோ, ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ மட்டுமே அதைத் தொடுவதில் பயன் உண்டு.

கெட்டி எண்ணெயை ஊற்றிச் சரிசெய்யும் வைத்தியமும் இதே கதைதான். எண்ணெய் கெட்டியானால் தடை கூடும், முள் ஏறும், மனசு நிம்மதியாகும். ஆனால் ரோட்டருக்குள் பீய்ச்சும் எண்ணெயின் அளவு கூடியிருக்கிறது என்பதற்கு அது சான்று இல்லை. 1917-இன் விமானி கண்ணாடிக் குமிழில் ஓட்டத்தை நேரடியாகப் பார்த்தார். இன்றைய கேஜில் நாம் பார்ப்பது ஓட்டமும் தடையும் சேர்ந்து உண்டாக்கிய ஓர் எண் மட்டுமே. இரண்டில் எது மாறியது என்று அந்த எண் தானாகச் சொல்லாது. கேட்டு வாங்க வேண்டும்.

முள் எப்படி விழுகிறது?

கேட்கும் வழி எளியது. எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பதைவிட, எப்போது, எப்படிக் குறைகிறது என்று பார்க்க வேண்டும்.

ஐடிலில் குறைவு, வேகம் கூட்டினால் சரியாகிறது என்றால், பம்பும் ரெகுலேட்டரும் பெரும்பாலும் நிரபராதிகள். எங்கோ கசிவு கூடியிருக்கிறது. அல்லது எண்ணெய் நீர்த்திருக்கிறது. குறைந்த வேகத்தில் பம்ப் தரும் கொஞ்சம் எண்ணெயைக் கசிவு விழுங்கிவிடுகிறது. வேகம் கூடினால் கசிவுக்குக் கொடுத்தபின்னும் மிஞ்சுகிறது.

ஐடிலில் ஓரளவு சரி, வேகம் கூட்டினால் ஏற மறுக்கிறது என்றால், நிலைமை தலைகீழ். ரெகுலேட்டர் சீக்கிரமே திறந்துவிடுகிறது. அல்லது பம்ப் கேட்கும் அளவு எண்ணெய் சம்பிலிருந்து வரவில்லை. உறிஞ்சு குழாயின் வலை அடைத்திருக்கலாம்.

முள் நடுங்குகிறது, குதிக்கிறது என்றால், பம்ப் எண்ணெயோடு காற்றையும் குடிக்கிறது. எண்ணெய் மட்டம் குறைவு, உறிஞ்சு குழாயில் விரிசல், அல்லது எண்ணெய் நுரைத்திருக்கிறது. விமானத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காரில் எஞ்சின் பெரும்பாலும் மட்டமாக இருக்கும். விமானமோ மூக்கை உயர்த்தி ஏறும், தாழ்த்தி இறங்கும். எஞ்சின் மூடிக்குள் இடம் போதவில்லை என்று சம்பைத் தட்டையாக வெட்டி ஒட்டியவர்களுக்கு, ஏறும்போது மட்டும் முள் குதிப்பது அனுபவம்.

சூடு ஏற ஏற மெல்ல இறங்கி ஓரிடத்தில் நின்றுவிடுகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய் வெப்பமானி. சாலையில் ஓடும் கார் எஞ்சினின் முழுத் திறனில் சிறு பகுதியைத்தான் கேட்கும். விமானம் முக்கால்வாசித் திறனை மணிக்கணக்கில் கேட்கும். காருக்குப் போதுமான கூலர் அங்கே திணறும். காற்று சரியாகப் போகாத இடத்தில் அது இருந்தால் இன்னும் திணறும்.

ஒரே நொடியில் பூஜ்ஜியத்துக்கு விழுந்தது, எஞ்சினோ எதுவும் நடக்காதது போல ஓடுகிறது என்றால், சென்சாரோ ஒயரோ கழன்றிருக்கலாம். பம்ப் செயின் அறுந்திருக்கவும் கூடும். இந்த இரண்டில் எது என்பதற்குப் பதில் தேடும் முறை, நீங்கள் தரையில் இருக்கிறீர்களா, வானில் இருக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது.

தரையில்: மலிவானது முதலில்

தொடக்கத்தில் பார்த்த எஞ்சினுக்கு வருவோம். குளிரில் 70, சூட்டில் 40, சூடான ஐடிலில் 15. குளிரில் 70 வரை ஏறி அங்கேயே நிற்கிறது என்பதால் பம்ப் தள்ளுகிறது, ரெகுலேட்டர் சரியான இடத்தில் திறக்கிறது என்று தெரிகிறது. சூட்டில் மட்டும் கசிவு ஓட்டத்தை மிஞ்சுகிறது. இப்போது சந்தேகப் பட்டியலை, ஆபத்தின் வரிசையில் அல்லாமல் செலவின் வரிசையில் அடுக்க வேண்டும்.

முதலில் கேஜ். மின்சார அழுத்த சென்சார்களில் பலவகை, தம் திருகுமரை வழியாகவே எஞ்சின் உடலோடு மின்தொடர்பு கொள்பவை. கசியாமல் இருக்க அந்த மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் தொடர்பு பலவீனமாகும். முள் பொய் சொல்லும். அதிர்விலும் சூட்டிலும் சென்சார் தானே கெடுவதும் சாதாரணம். சரிபார்க்கும் வழி ஒன்றுதான்: சென்சாரைக் கழற்றி, அந்த இடத்தில் குழாய் வழியாக நேரடியாக இயங்கும் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை மாட்டி, எஞ்சினைச் சூடாக்கி, இரண்டு எண்களையும் ஒப்பிடுவது. அரைமணி நேர வேலை. இதைச் செய்யாமல் எஞ்சினைப் பிரித்தவர்கள் நிறைய.

அடுத்து எண்ணெய். டிப்ஸ்டிக்கை இழுத்து மட்டம் பார்ப்பதோடு முகர்ந்தும் பார்க்க வேண்டும். ரோட்டரி எஞ்சின் கிளம்ப மறுத்து பெட்ரோல் தேங்கினால், அதில் கொஞ்சம் எண்ணெயில் இறங்கிவிடும். பெட்ரோல் வாடை அடித்தால் எண்ணெயை மாற்றி மறுபடி அளப்பதுதான் சோதனை. பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அது வேறு வியாதி.

எண்ணெயை மாற்றும்போதே ஃபில்டரை அறுத்துப் பார்க்க வேண்டும். தகரக் கூட்டை வட்டமாக வெட்டி, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தைக் கத்தியால் வெட்டி எடுத்து, வெயிலில் விரித்துப் பிடித்தால், எஞ்சின் கடந்த சில மாதங்களில் உதிர்த்ததெல்லாம் அதில் தெரியும். மங்கலான கருப்புக் கசடு சாதாரணம். காகிதத்தைச் சாய்த்தால் மின்னும் துகள்கள் இருந்தால் கவனம் தேவை. காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் சாம்பல் நிறத்தில் மெத்தென்று நசுங்கினாலோ, செம்பு நிறத்தில் மின்னினாலோ, அது பேரிங்கின் மேற்பூச்சாக இருக்கலாம். அப்படி ஒன்று தென்பட்டால் இந்தப் பட்டியலின் நடுப்பகுதியை விட்டுவிட்டு நேரே கடைசிக்குப் போய்விடலாம். ரப்பர் போன்ற நீல அல்லது சாம்பல் நிறத் துணுக்குகள் இருந்தால், சம்பை ஒட்டியவர் சிலிக்கான் பசையைத் தாராளமாகப் பிதுக்கியிருக்கிறார். உள்பக்கம் பிதுங்கிய பசை உடைந்து சம்பில் மிதக்கும். உறிஞ்சு குழாயின் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

காகிதம் சுத்தமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது சந்தேகம், காரில் இல்லாமல் விமானத்துக்காகச் சேர்த்த பாகங்கள். 13பி திறனைத் தருவது நிமிடத்துக்கு 6000 சுற்றை ஒட்டிய வேகத்தில். விசிறி அந்த வேகத்தில் சுற்றினால் அதன் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். அதனால் நடுவில் ஒரு கியர்பாக்ஸ் வருகிறது. 2.85-க்கு 1 என்ற விகிதத்தில், எஞ்சின் 6000 சுற்றினால் விசிறி 2100 சுற்றும். எஞ்சினின் எண்ணெயிலேயே அந்த கியர்பாக்ஸையும் நனைப்பதாக இருந்தால், அதற்குப் போகும் குழாயில் ஊசித்துளை கொண்ட ஒரு தடுப்பு இருந்தாக வேண்டும். அதை மாட்ட மறந்தால், எண்ணெய் திறந்த குழாயில் போவதுபோல் போய்விடும். வெளியே ஒழுகாது, அத்தனையும் சம்புக்கே திரும்பும். குழாயைத் தற்காலிகமாக அடைத்து, விசிறியை வேகமாக ஓட்டாமல் சில நொடிகள் மட்டும் அழுத்தத்தைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

நான்காவது, முன்மூடிக்கும் முதல் இரும்புத் தட்டுக்கும் நடுவே இருக்கும் ஓ-ரிங். சில ரூபாய் பெறும் ரப்பர் வளையம். பம்ப் தள்ளும் எண்ணெய் ஒரு பாகத்திலிருந்து மற்றதற்குத் தாண்டும் இடத்தில் இது உட்கார்ந்திருக்கிறது. கேஸ்கெட் கொஞ்சம் தடிமனாக இருந்தால் வளையம் போதுமான அளவு நசுங்காது. நாளடைவில் அழுத்தம் அதைப் பிதுக்கி வெளியே தள்ளிவிடும். பிறகு எண்ணெய் முன்மூடிக்குள்ளேயே பாய்ந்து சம்பில் விழும். வெளியே சொட்டு தெரியாது. 13பி-யைக் கட்டும் மெக்கானிக்குகள் நடுவே இந்த வளையத்துக்கு இருக்கும் கெட்ட பெயர், விலைக்குச் சற்றும் பொருந்தாதது.

ஐந்தாவது, நம்முடைய நோய்க்குறிக்குக் கச்சிதமாகப் பொருந்துவது: எக்சென்ட்ரிக் தண்டின் முன்நுனிக்குள் இருக்கும் வெப்ப வால்வு. காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது ரோட்டரை எண்ணெய் ஊற்றிக் குளிர்விக்கத் தேவையில்லை. சீக்கிரம் சூடேறினால்தான் புகை குறையும். அதற்காக மஸ்தா பொறியாளர்கள் மெழுகு நிரப்பிய சிறு குப்பி ஒன்றை அங்கே வைத்தார்கள். குளிரில் அது வழியைத் திறந்துவிட்டு எண்ணெயில் ஒரு பங்கைத் தண்டின் நுனி வழியாக வெளியே விடும். சூடேறியதும் மெழுகு விரிந்து வழியை மூடும்; எண்ணெய் முழுவதும் ரோட்டருக்குப் போகும். இந்தக் குப்பி தேய்ந்தாலோ, ஸ்பிரிங் இல்லாமல் மாட்டப்பட்டிருந்தாலோ, சூட்டிலும் வழி திறந்தே கிடக்கும். குளிரில் எண்ணெய் கெட்டி என்பதால் அந்தக் கசிவு தெரியாது. சூட்டில் தெரியும். குளிரில் 70, சூட்டில் 40 என்பதற்கு இது போதும். பந்தயக்காரர்களும் விமானம் கட்டுபவர்களும் இந்தக் குப்பியை எடுத்துவிட்டு அசையாத உலோகத் துண்டு ஒன்றை வைத்து வழியை நிரந்தரமாக மூடிவிடுவது வழக்கம்.

ஆனால் அங்கே கைவைப்பது எளிதல்ல. அதற்குத் தண்டின் முன்நுனிப் போல்ட்டைக் கழற்ற வேண்டும். காரில் ஃப்ளைவீல் இருந்த பக்கத்தில்தான் கியர்பாக்ஸும் விசிறியும் வரும். அதனால் காரில் முன்பக்கமாக இருந்தது, விமானத்தில் விமானியின் காலடியை ஒட்டிய தீத்தடுப்புச் சுவருக்கு எதிரே போய்விடுகிறது. கைநுழைய இடம் இருக்காது. அதோடு, அந்த போல்ட்டைத் தளர்த்தும்போது தண்டு முன்னோ பின்னோ நகர்ந்தால், உள்ளே இருக்கும் ஊசி பேரிங் தன் இருக்கையிலிருந்து நழுவிவிடும். கவனிக்காமல் திரும்ப இறுக்கினால் அது நசுங்கிப் பொடியாகும். அந்தப் பொடி போகும் இடம் எண்ணெய்தான். ஒரு பழுதைத் தேடப் போய் இன்னொன்றைச் செய்துவைப்பது இப்படித்தான் நடக்கிறது. இறுக்கியபின் தண்டின் முன்பின் அசைவை டயல் கேஜில் அளந்து பார்க்காமல் மூடக் கூடாது என்பது இதனால்தான்.

இவை ஐந்தும் கைவிட்ட பிறகுதான் பேரிங்கின் முறை. எஞ்சினைப் பிரிப்பது கடைசியில் வருவதற்குக் காரணம், பேரிங் தேய்வதில்லை என்பதல்ல. அதற்கு முந்திய ஒவ்வொரு சோதனையும் அதைவிட மலிவு. ஐந்தாவதைத் தவிர மற்றவை தவறாகப் போனாலும் எஞ்சின் இருந்தபடியே இருக்கும்.

வானில்: வரிசை தலைகீழ்

இதே முள், இதே வீழ்ச்சி, 3000 அடி உயரத்தில் நடந்தால்?

தரையில் முதலில் சந்தேகித்த கேஜ், வானில் கடைசியாகத்தான் சந்தேகிக்கப்பட வேண்டும். தரையில் கேஜை நம்பாமல் இருப்பதால் நட்டம் ஏதுமில்லை. வானில், கேஜ் பொய் சொல்கிறது என்று நினைத்துப் பறந்து அது உண்மையாகிவிட்டால் எஞ்சின் போய்விடும். கேஜை நம்பி இறங்கி அது பொய்யாகிவிட்டால், ஒரு மதியம் போகும். சான்று ஒன்றே, தவறினால் தர வேண்டிய விலைதான் வேறு. எனவே சந்தேகத்தின் வரிசையும் மாறுகிறது.

விமானிகள் உடனே பார்ப்பது எண்ணெய் வெப்பமானியை. அழுத்தம் விழுகிறது, வெப்பம் ஏறுகிறது என்றால் விவாதத்துக்கு இடமில்லை. வேகத்தைக் குறைத்து, கிட்டத்தில் இறங்கக்கூடிய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அழுத்தம் பூஜ்ஜியம், வெப்பம் அசையவில்லை என்றால் கேஜ் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. எண்ணெய் முழுவதுமே வெளியேறிவிட்டால் வெப்ப சென்சார் எண்ணெயைத் தொடாமல் காற்றில் நிற்கும். அப்போது அது அமைதியாக, பழைய அளவையே காட்டிக்கொண்டிருக்கலாம். வெப்பம் ஏறவில்லை என்பது ஆறுதல் தரலாம், உத்தரவாதம் தராது. இந்த நிலையிலும் திரும்பி இறங்குவதே சரி.

இந்தத் தடுமாற்றத்தைத் தரையிலேயே தீர்த்துவைக்க ஒரு வழி உண்டு. அது கேஜுக்கு ஒரு துணை. அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் சிவப்பு விளக்கை எரியவிடும் தனி சுவிட்ச் ஒன்றை, கேஜின் சென்சாரோடும் ஒயரோடும் எந்தத் தொடர்பும் இல்லாமல் பொருத்துவது. விலை சில நூறு ரூபாய். முள் விழுந்து விளக்கு எரியாவிட்டால், இறங்கும்வரை நிதானமாக யோசிக்க நேரம் இருக்கிறது. முள்ளும் விழுந்து விளக்கும் எரிந்தால் யோசிக்க எதுவும் இல்லை. இரண்டு சென்சார்களையும் எஞ்சினிலேயே திருகாமல், தீத்தடுப்புச் சுவரில் மாட்டி ஒரு குழாயால் இணைப்பார்கள். அதிர்வில் அவை உடையாமல் இருக்க. அந்தக் குழாய் அறுந்தால் எண்ணெய் கொட்டிவிடக் கூடாது என்பதற்காக, அது எஞ்சினிலிருந்து கிளம்பும் இடத்திலேயே ஒரு மில்லிமீட்டர் அளவுத் துளை மட்டும் விட்ட ஒரு பொருத்தியை வைப்பார்கள். அழுத்தம் அந்தத் துளை வழியே தாராளமாகக் கடந்துபோகும். எண்ணெய் கடந்துபோக நெடுநேரம் ஆகும். அழுத்தமும் ஓட்டமும் வெவ்வேறு என்பதைப் புரிந்துகொண்ட ஒருவர்தான் அந்தத் துளையை அவ்வளவு சிறியதாகப் போட்டிருப்பார்.